பல்லில் கடித்த நூல்

புருவம் திருத்தும்போது நூலின் ஒரு முனை என் பல்லில் இருக்கும். பதில் பேச முடியாது. அது தெரிந்துதானோ என்னவோ, பாளையம்பட்டியில் நான் பியூட்டி பார்லர் திறந்த தொண்ணூற்று மூன்றிலிருந்து, நாற்காலியில் சாய்ந்த பெண்கள் எல்லாம் தங்கள் துக்கத்தை என்னிடம் கொட்டினார்கள். மாமியார் ஏச்சு, குடிகாரப் புருஷன், தங்காத பிள்ளை. சாயங்காலம் தாடை வலிக்கும். நெஞ்சு அதைவிடக் கனக்கும். வீட்டில் யார் கூப்பிட்டாலும் எரிந்து விழுந்தேன்.

ஒருநாள் நூலைத் துப்பிவிட்டு, கூட வேலை பார்க்கும் முருகலட்சுமியிடம் சொன்னேன்: "இனி வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்தச் சேர் நமக்கு. நான் பேசுறேன், நீ நூலைக் கடி. அப்புறம் நீ பேசு, நான் கடிக்கிறேன்."

அப்படி ஒரு வெள்ளியன்று நான் நாற்காலியில் இருந்தபோது, பஜார் ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி கஸ்தூரி வந்து நின்றார்.

"நாளைக்கு மகளுக்கு நிச்சயம். எந்திரி, தங்கச்செல்வி."

"உக்காருங்க அக்கா. இப்ப என் முறை."

அவர் முகம் கறுத்தது. பக்கத்து அருப்புக்கோட்டை முழுக்கத் தேடினாலும் என் கை மாதிரி ஒரு கை கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஊர்ப்பட்ட மணப்பெண்களைச் சிங்காரிக்கும் எனக்கு, என் கல்யாணத்தன்று தலை பின்னக்கூட ஆளில்லாமல் போன கதை. ஒரு புருவம் முடிந்து முருகலட்சுமி நூலை மாற்றினாள். நானும் நிறுத்தினேன்.

கஸ்தூரி பெஞ்சை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஏன் நிறுத்திட்ட? மிச்சத்தையும் சொல்லு. நான் மெதுவாத்தான் போவேன்."