குடிலைச் சுற்றி முப்பது மீட்டர்

குடிலைச் சுற்றி முப்பது மீட்டர் மண்ணைத் தொடுவதில்லை என்று நிறுவனம் என் அண்ணி ஓரியானாவுக்கு எழுத்தில் உறுதியளித்திருந்தது. என் அண்ணன் ரோஸெந்தோ உயிர்விட்ட இடம் அதுவே என்று பள்ளத்தாக்கு முழுவதும் நம்பியது. நம்பாதவன் ஒருவன் மட்டுமே. கரையை அறுக்கும் நீர்ப் பீரங்கியை இயக்கும் நான்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், சிலியின் வடக்கிலுள்ள எங்கள் செம்புச் சுரங்கத்தின் கழிவுச்சேற்றைத் தேக்கிய அணை உடைந்து பதினொருவர் மாண்டனர். சேறு சமவெளியில் பரவிக் காய்ந்து, சாம்பல்நிறக் கரையாக இறுகியது. அண்ணனின் உடல் கிடைக்கவில்லை. அவன் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தான் என்று நான் சாட்சி கூறினேன். ஆகையால் பாலம் புதைந்த இடத்தின்மேல் அண்ணி தகரக் குடிலொன்றை எழுப்பி, இறந்தோரின் ஆவிகளுக்குரிய நாளான திங்கட்கிழமைதோறும் மெழுகுவர்த்தி ஏற்றி வந்தார்.

இப்போது அக்கழிவில் செம்பும் மாலிப்டினமும் சிறிது தங்கமும் எஞ்சியிருப்பதை அறிந்து, அண்ணிக்கு உறுதியளித்த அந்தப் புதிய நிறுவனம் கரையை நீரால் கரைத்து ஆலைக்கு அனுப்புகிறது. அங்கே எஃகுக் குண்டுகள் அனைத்தையும் மாவாக அரைத்துவிடும். கல்லென்றும் எலும்பென்றும் அவை பிரித்தறிவதில்லை.

அன்று திங்கட்கிழமை. மெழுகுவர்த்தியுடன் அண்ணி எங்களைக் கடந்து சென்றபோது, மேற்பார்வையாளர் லிசார்தோ உரக்கக் கூறினார்:

"நிபால்தோ, கிழக்குப் பக்கம் வெட்டு. குடில் பக்கம் போனே, உங்க அண்ணி என்னைச் சேத்துலயே புதைச்சிருவாங்க."

"உம்ம தொப்பைக்குக் குழி தோண்ட ஆள் பத்தாதுய்யா," என்றார் அண்ணி.

மூன்று வாரங்களாகக் கிழக்குப் பக்கத்தைத் தவிர்த்து வந்தேன். முனை அடைத்திருக்கிறது என்றேன். அழுத்தம் போதவில்லை என்றேன். என் காரணங்கள் தீர்ந்துவிட்டன. குழாயைத் திறந்தேன்.

அரை மணி நேரத்திற்குள் கரை சரிந்தது. அதன் அடியில் சிவப்பு தெரிந்தது. மீன் டப்பாக்கள், எண்ணெய் டின்கள், வேலிக்கம்பிகள். யாவற்றிலும் செம்பு படிந்திருந்தது.

"அடேங்கப்பா, செம்பு டப்பா! எந்த மகராசன் இங்க கடை போட்டிருந்தான்?" என்று லிசார்தோ சிரித்தார்.

அந்த மகராசர்கள் நானும் அண்ணனுமே. அணையின் அடியில் கசிந்த, செம்பு கரைந்த நீலநீரில் பழைய இரும்பைப் போட்டுவைத்தால், இரும்பு கரைய, அதன்மேல் செம்பு படியும். அதைச் சுரண்டி விற்போம். கசிவு போதவில்லை என்று அணையின் காலடியையே தோண்டி வாய்க்காலை ஆழப்படுத்தியவன் நான். அன்று காலை டப்பாக்களைப் புரட்டிப்போட அண்ணனை அனுப்பிவிட்டு, நான் உறங்கினேன். அணை எங்கள் வாய்க்காலால்தான் உடைந்ததா என்பதை இன்றளவும் அறியேன். எவரும் அறிந்துவிடக் கூடாது என்றே பாலத்தைச் சொன்னேன்.

குழாயை மூடினேன்.

"ஏன்யா நிறுத்தினே? ஆலை காத்துக்கிடக்கு!"

குடிலருகே நின்ற அண்ணியைக் கையசைத்து அழைத்தேன். அவர் இறங்கி வந்தார்.

"அண்ணன் பாலத்துல இல்ல, அண்ணி. இங்கதான் இருந்தான். நான்தான் அனுப்பினேன். இந்த வாய்க்காலைத் தோண்டினதும் நான்தான்."

அவர் குனிந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதன் மூடி நான்கு இடங்களில் குத்திக் கிழிக்கப்பட்டிருந்தது.

"கானாங்கெளுத்தி டின். திறப்பான் இல்லாம ஆணியால குத்தினேன். அவர் திட்டினார்." மூடியின் கிழிசலை விரலால் தடவினார். "ஒன்பது வருஷமா வெறும் மண்ணுகிட்ட பேசியிருக்கேன். நீ பக்கத்துலயே தொப்பியைக் கழட்டிட்டு நின்னே."

"அண்ணி..."

"அப்படிக் கூப்பிடாதே." லிசார்தோவிடம் திரும்பினார். "அளவு நாடா எடுங்க. முப்பது மீட்டர் இங்கருந்து அளக்கணும்."

"காகிதத்துல குடில்னுதானேம்மா எழுதியிருக்கு. மாத்தணும்னா இவன் ஆபீஸ்ல வாக்குமூலம் கொடுக்கணும். வாய்க்கால் கதையும் சேர்த்து. அப்புறம் போலீஸ் வரும். பதினோரு வீட்டுக்காரங்களும் வருவாங்க."

அண்ணி டப்பாவுக்குள் மெழுகுவர்த்தியை நட்டு, சரிந்த கரையின் முன் வைத்தார்.

லிசார்தோ நாடாவைக் கொண்டுவந்தார். ஒரு முனையை அண்ணி மண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுமுனைக்காக நான் கை நீட்டினேன்.

"நீங்களே இழுத்துட்டுப் போங்க லிசார்தோ," என்றார் அண்ணி.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை நோக்கி நடந்தேன்.