மேற்குக் கரைத் துண்டு

"மொதலாளி, சப்பாத்தைக் கழட்டிடுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல தண்ணி இங்க வந்துரும்" என்றாள் கமலவேணி.

அலாவுதீன் முதலாளி தன் காலைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். அது இருபது முழம் தள்ளி, எந்த எண்ணமும் இல்லாததுபோல் கிடந்தது. டவுனை ஒட்டிய தெங்கேராவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. அங்கிருந்து படகில் வர வேண்டிய இந்தத் தீவின் மேற்குக் கரையில் அவர் வாப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. அதை விற்பதற்காக, காலை ஆறு மணிக்கே படகேறி வந்திருந்தார். நிலம் வாங்க வருகிறவர்கள் குடையோடும் தரகரோடும் வருவார்கள். இந்த அம்மாள் ஒரு கட்டு மூங்கில் முளைகளையும் ஒரு சுத்தியலையும் கொண்டுவந்திருந்தாள்.

"தண்ணி அங்கல்லம்மா கெடக்கு?"

"இப்ப அங்க கெடக்கு. நேத்து வைகாசி விசாகம், பௌர்ணமி ஏத்தம். ஒம்பது மணிக்கு அது எங்க வந்து நிக்குதோ அங்க நான் முளை அடிப்பேன். முளைக்கு இந்தப் பக்கம் இருக்கறது நான் வாங்கற நெலம். அந்தப் பக்கம் இருக்கறதுக்கு நீங்க கடல்கிட்டதான் கேக்கணும்."

முதலாளி சிரித்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை.

பின்னால் ஒரு தென்னையில் சாய்ந்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி கமலவேணியின் கணவர் கலியாணசுந்தரம் உட்கார்ந்திருந்தார். படகில் வரும்போது இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தார். மனைவி ஆறு வருஷமாக மாதம் இரண்டு முறை போய்வரும் இந்தச் சிப்புட் தீவுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை. இதுவே கடைசித் தடவையாகவும் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கமலவேணி அரசாங்க மருத்துவச்சி. தீவில் இருபத்திரண்டு வீடுகள், ஒரு சிறிய தொழுகைக்கூடம். குழாய்த் தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. காப்பிக் கடை ஒன்று உண்டு, படகோட்டி உசேன் கடலுக்குப் போகாத நாளில் மட்டும் திறந்திருக்கும். அந்தத் தீவில் இதுவரை பத்தொன்பது பிள்ளைகளை அவள் கையில் வாங்கியிருக்கிறாள். மலாய்ப் பெண்கள் அவளை மிஸ்ஸி வேணி, அதாவது நர்ஸம்மா, என்று கூப்பிட்டார்கள். காற்று மாறிப் படகு எடுக்க முடியாத நாட்களில் தீவுக்காரி மக் லீமாவின் வீட்டில் தங்குவாள். மக் லீமாவுக்கும் இவள் வயதுதான். ஐந்து பிள்ளைகளில் கடைசி இரண்டும் வேணியின் கையில் விழுந்தவை. அந்த வீட்டில் பாயில் படுத்துக்கொண்டு பலகை இடுக்கில் கடல் இரைவதைக் கேட்கும்போதுதான் அவளுக்கு முதல்முதலாக அந்த ஆசை வந்தது. ஒரு வீடு. யாரும் வந்து காலி செய்யச் சொல்லாத ஒரு வீடு.

அவள் பிறந்தது ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், கூலிக்காரர்களின் லயத்து அறையில். அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். அடுத்த திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்த புதிய பால்மரக்காரன் சட்டிபானையோடு வந்து வாசலில் நின்றான். அவன் மனைவி நல்லவள். உள்ளே வரக் கூசி, வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். அம்மா அந்த அறையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்துத் துடைத்து, அவள் கையில் விளக்குமாற்றையும் கொடுத்துவிட்டு இறங்கினாள். அப்போது கமலவேணிக்குப் பதினோரு வயது. அதன்பிறகு சித்தி வீடு, ஆஸ்பத்திரி விடுதி, கல்யாணமானதும் காஜா பேராங்கில் ஒரு தச்சுப்பட்டறைக்குப் பின்னால் இரண்டு வாடகை அறைகள். ஒரே மகள் விஜயாவை அங்கிருந்துதான் குளுவாங்குக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எங்கே இருந்தாலும் ஆணி அடிக்குமுன் யாரையோ கேட்க வேண்டியிருந்தது.

டவுனில் நிலம் வாங்குவதைப் பற்றிப் பேச்செடுத்தால் கலியாணசுந்தரம், "டவுன்ல வாங்கணும்னா மொதல்ல நம்ம டவுனையே வித்தாகணும்" என்பார். வேடிக்கையாகப் பேசக்கூடிய மனிதர்தான். ஆனால் அந்தச் சித்திரையில் அவர் வேடிக்கை நின்றுபோனது. அவர் இருபத்திரண்டு வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்த செட்டியாரின் வட்டிக்கடையை, அந்தக் கிட்டங்கியை, மூடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆகஸ்டில் வெள்ளைக்காரர்களிடமிருந்து நாடு கைமாறுகிறது, அதற்கு முன்பே செட்டியார் ஊருக்குப் போகிறார். விருப்பமிருந்தால் கிராணியும் குடும்பத்தோடு வரலாம், கப்பல் செலவு அவருடையது, தேவகோட்டையில் வேலையும் உண்டு. கலியாணசுந்தரம் சரியென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தார்.

"ஆகஸ்டுக்கு அப்புறம் நம்மள இங்க என்னன்னு வச்சிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும் வேணி?" என்றார் அன்று சாப்பிடும்போது.

"என்னைப் பத்தி எனக்குத் தெரியுமே. வலி எடுத்தா கூப்புடுவாங்க, போவேன்."

"அங்க எனக்கு அண்ணன் இருக்காரு. சொந்த வீடு இருக்கு."

"அண்ணனுக்கு வீடு இருக்கு. அந்த வீட்டுல நான் யாரு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, சாப்பாடுதான் குறையும்.

மறுவாரமே அவள் மக் லீமாவோடு நில அலுவலகத்துக்குப் போனாள். தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மேட்டை, நல்ல கிணற்றோடு, மிஸ்ஸி வேணிக்குத் தருவதாக மக் லீமா சொல்லியிருந்தாள். அலுவலர் பெரிய புத்தகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அது வழக்கப்படி மலாய்க் குடும்பங்களுக்குள்ளேயே கைமாற வேண்டிய நிலம், வெளியாருக்கு எழுதச் சட்டமில்லை என்றார். மக் லீமாவின் முகம் வாடிவிட்டது, தானே ஏமாற்றிவிட்டதுபோல. கமலவேணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அந்தத் தீவுல எனக்கு எழுதக்கூடிய நெலம் ஏதாவது இருக்கா?" என்று மலாயில் கேட்டாள்.

அலுவலர் மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றே ஒன்று இருந்தது. மேற்குக் கரையில், தெங்கேரா அலாவுதீன் பெயரில்.

"அந்தப் பக்கத்தைக் கடல் தின்னுதே" என்றாள் மக் லீமா, வெளியே வந்ததும்.

"எவ்வளவு தின்னுருக்குன்னு பாத்துட்டு வாங்குவோம்" என்றாள் இவள்.

அதற்காகத்தான் இந்த முளைகள்.

எட்டு மணிக்குத் தண்ணீர் தோப்போரத்தை நெருங்கியது. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. மணல் மட்டும் கறுத்துக்கொண்டே வந்தது. அலாவுதீன் இரண்டு தடவை பின்னால் நகர்ந்தார், மூன்றாம் தடவை சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கமலவேணி தெற்கு மூலையில் முதல் முளையைக் கையில் எடுத்தபோது மக் லீமாவின் மூத்த மகள் தோப்புக்குள் ஓடிவந்தாள். உசேனின் மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது.

கமலவேணி சுத்தியலைக் கணவர் மடியில் வைத்தாள்.

"நான் போகணும். ஒம்பது மணிக்கு உச்சி ஏறும். நாலு எடத்துல அடிங்க. தண்ணி நின்ன கோட்டுல அடிங்க."

"எனக்கென்ன தெரியும்? நீ வந்து அடி."

"நான் வரும்போது தண்ணி எறங்கிரும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் ஏதாவது சொல்வார் என்று தெரியும்.

உசேனின் மனைவிக்கு இது மூன்றாவது. பிள்ளை நன்றாகத் திரும்பியிருந்தது. ஆனால் தோள் சற்றுச் சிக்கி, சில நிமிஷம் கமலவேணியின் நெற்றியில் வேர்வை கோத்தது. அப்போது அவளுக்கு நிலமும் நினைவில்லை, கப்பலும் நினைவில்லை. பெண்பிள்ளை. வந்தவுடன் அழவில்லை. தலைகீழாகப் பிடித்து உள்ளங்காலைச் சுண்டியதும் வீடு அதிர அழுதது. பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்பில் போட்டு, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா என்று பார்த்து, கை கழுவி, மக் லீமா கொடுத்த பாலில்லாத கட்டங்காப்பியை நின்றபடியே குடித்தபோது மணி பத்தரை. வேலை முடிந்தது. இனி அந்த மனிதர் என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று தோன்றியது. முளைகளைக் கட்டுக் குலையாமல் அப்படியே மரத்தடியில் வைத்திருப்பார் என்றுதான் நினைத்தாள்.

தோப்புக்குள் நுழையும்போதே சத்தம் கேட்டது.

கலியாணசுந்தரம் வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால்வரை நனைந்து, தண்ணீர் வடிந்த ஈரமணலில் நின்றிருந்தார். எதிரில் அலாவுதீன் முதலாளி, கால்சட்டை நனைந்து, சப்பாத்து எங்கேயென்று தெரியாமல். இருவருக்கும் நடுவில் ஒரு முளை.

"பாய், நான் பாத்துக்கிட்டே இருந்தேன். தண்ணி இந்த வேரைத் தொட்டுட்டுத்தான் திரும்புச்சு."

"தம்பி, அது அலையில தெறிச்ச தண்ணி. நெலத்துத் தண்ணி இல்ல."

"தெறிச்சா வேருக்கு அந்தாண்ட ஈரம் எப்படி வரும்? தொட்டுப் பாருங்க. குனிஞ்சு தொட்டுப் பாருங்க பாய். எங்க நெலத்துல ரெண்டு முழத்தை நீங்க சும்மா கடல்ல விட்டுட்டுக் காசு கேக்கறீங்க."

எங்க நெலம் என்று அவர் சொன்னதை அவரே கவனிக்கவில்லை. கமலவேணி ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டாள். இப்போது போய்ப் பேச்சைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை. இருபத்திரண்டு வருஷம் இன்னொருவருக்காகக் கணக்குப் பார்த்த மனிதர் இப்படி ஈரமண்ணை விரலால் தோண்டிக் காட்டிச் சண்டை போடுவதை அவள் பார்த்ததில்லை.

அலாவுதீன் குனிந்து தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. முளையைப் பார்க்காமல் தூரத்தில் தண்ணீருக்குள் எங்கேயோ பார்த்தார்.

"அங்க வாப்பா கொப்பரை போடற கொட்டகை இருந்துச்சு தம்பி. நாலு தூணு, அத்தாப்பு ஓலைக் கூரை. நான் சின்னப் பிள்ளையில அதுக்கு முன்னால ஓடுவேன். கொட்டகையில இருந்து கடலுக்கு ஓடிப் போனா மூச்சு வாங்கும். அவ்வளவு தூரம்." விரலில் ஒட்டிய ஈரமண்ணை உதறினார். "பதினெட்டு வருசமா நான் இந்தப் பக்கம் வரல. பேப்பர்ல ஒரு ஏக்கர்னு இருக்கவும் ஒரு ஏக்கர்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கலியாணசுந்தரம் சுத்தியலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "இன்னும் முக்கால்வாசி இருக்கு பாய்" என்றார், ஆறுதலாக.

"அந்த முக்காலுக்கே குடுத்துட்டுப் போறேன். முளையை அடிங்க."

கமலவேணி அப்போதுதான் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவள் சேலைத் தலைப்பில் இரத்தக் கறையைப் பார்த்து அலாவுதீன், "என்ன புள்ளம்மா?" என்று கேட்டார். பெண் என்றாள். அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு அவர் சப்பாத்தைத் தேடப் போனார்.

பின்னாலேயே வந்த மக் லீமா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் துண்டில் கிணறு தோண்டினால் உப்புத்தான் வரும், தன் கிணற்றில் மொண்டுகொள்ளலாம், தண்ணீருக்குச் சட்டம் ஒன்றும் தடையில்லை என்று சொன்னாள். கமலவேணி அதைக் கணவருக்குத் தமிழில் சொன்னாள். அவர் மக் லீமாவைப் பார்த்து, தெரிந்த ஒரே மலாய் மரியாதையாக, நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

திரும்பும்போது படகில் அவர் வாந்தி எடுக்கவில்லை. ஊருக்குப் போவாரா, இங்கே இருப்பாரா என்று கமலவேணி கேட்கவில்லை. நிலம் வாங்கப்போவது உறுதி, அவள் சேமிப்பில் வாங்குகிறாள், அவர் வந்தாலும் வராவிட்டாலும் வாங்குவாள். இதை அவரிடம் அவள் முன்பே சொல்லியாகிவிட்டது. இருந்தாலும் அவர் வர வேண்டும் என்று எவ்வளவு விரும்புகிறாள் என்பதை மட்டும் சொன்னதில்லை.

ஆனி மாதக் கடைசியில் பத்திரம் பதிவானது. நிலத்துக்கான கிராண்டு அவள் பெயரில் வந்தது. அலுவலகப் படிகளில் இறங்கும்போது கலியாணசுந்தரம், "நான் இன்னொரு ஆபீசுக்குப் போகணும். நீயும் வா" என்றார். கப்பல் கம்பெனிக்கு என்று அவள் நினைத்தாள். ஆனாலும் குடையை விரித்துக்கொண்டு கூடவே நடந்தாள். அவர் பண்டார் ஹிலிரில் குடிநுழைவு அலுவலகத்துக்குள் போய் வரிசையில் நின்றார்.

"இங்க எதுக்கு?"

"செட்டியாரை ஊருல கொண்டுபோய் விட்டுட்டு வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். அண்ணனையும் பாக்கணும். போனவன் திரும்பி வரணும்னா இங்கதான் பெர்மிட்டு வாங்கணுமாம்." வரிசை ஒரு ஆள் நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். "ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் கூரைக்கு அத்தாப்பு போட்டுறாத. சிங்க் தகரம் போடு. அந்தக் காத்துக்கு அத்தாப்பு ஒரு வருசம் தாங்காது."

"தகரம் போட்டா மழைக்குச் சத்தம் போடும்."

"போடட்டும்" என்றார்.

அவர் ஆடி முதல் வாரம் பினாங்குக்கு ரயிலேறினார். ஒரே ஒரு பெட்டி கொண்டுபோனார். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து எழுதிய முதல் கடிதத்தில் எல்லோரும் சுகம், இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொல்கிறார்கள் என்று மூன்று வரி எழுதியிருந்தார். மீதிப் பக்கம் முழுக்க அடுப்படி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுதான்.

ஆகஸ்டு முடிந்து, சுதந்திரத்துக்காக டவுனில் கட்டிய கொடித் தோரணங்கள் மழையில் சாயம் இறங்கிக்கொண்டிருந்த வாரத்தில், தெங்கேராக் கரையிலிருந்து உசேனின் படகு புறப்பட்டது. முப்பத்தாறு சிங்க் தகடுகள். பக்கவாட்டில் நிறுத்த இடமில்லாததால் படுக்கையாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, மேலே ஓரமாக ஒரு சாக்கு விரித்துக் கமலவேணி உட்கார்ந்திருந்தாள். படகு விளிம்புவரை அமிழ்ந்து மெதுவாகப் போனது. இரவு பெய்த மழை விட்டு வெயில் நன்றாக ஏறியிருந்தது. தீவு பக்கத்தில் வந்ததும் கரையில் ஆட்கள் சேர்ந்திருப்பது தெரிந்தது. மக் லீமா, அவள் பிள்ளைகள், பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டபடி உசேனின் மனைவி. எல்லோரும் ஒரே மாதிரி நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஏன் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. உசேன்தான் சிரித்துக்கொண்டே அவளுக்குக் கீழே கையைக் காட்டினான். தகடுகளில் பட்ட வெயில் கரை முழுக்க எறித்துக்கொண்டிருந்தது. படகோ, அதில் இருப்பது யாரென்பதோ அவர்களுக்கு இன்னும் தெரியவில்லை. தண்ணீரின் மேல் ஒரு பெரிய வெளிச்சம் தங்களை நோக்கி வருவது மட்டும் தெரிந்தது.