ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம்

நூலகக் கதவு திறப்பதற்கு முன்பே தாயும் மகளும் வந்து படியில் உட்கார்ந்துவிட்டார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடந்ததில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள்கள் ஏறி ஏறி இறங்க, வாயைத் திறந்து காற்றைத் தேடினாள். மகள் பையிலிருந்து மூச்சுத்திணறலுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"வேண்டாம், உள்ள வை. நாளைக்கு அங்க வச்சு இழுத்துச்சுன்னா வேணும்."

அங்க என்றால் தொழிலாளர் நல அலுவலகம். அம்மா பழந்துணி ஆலையில் வேலை பார்த்தவள். யார் யாரோ உடுத்திக் கழித்த துணிகளை இயந்திரம் கிழித்துப் பஞ்சாக்கித் துப்பும். அதை வாரி மூட்டை கட்டுவது பெண்களின் வேலை. சாயங்காலம் வெளியே வரும்போது புருவம், இமை, காதுமடல் எல்லாம் வெளுத்திருக்கும். தெருப்பிள்ளைகள் 'பஞ்சு மிட்டாய் வருது' என்று கத்துவார்கள். "வந்து நக்கிப் பாருங்கடா" என்று அவளும் சிரித்துக்கொண்டே போவாள். அந்தச் சிரிப்பின் நடுவில் இருமல் வரத் தொடங்கியதும் ஆலை அவளை நிறுத்திவிட்டது. வீட்டு அடுப்புப் புகையால் வந்த நோய், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டது. வைத்தியச் செலவை ஆலை ஏற்க வேண்டுமா இல்லையா என்று நாளைக்குக் கடைசி விசாரணை.

"வாய்ச்சொல் எடுபடாது. அந்த ஆலைப் பொம்பளைங்களைப் பத்தி யாராச்சும் ஆராய்ச்சி பண்ணி எழுதியிருந்தா கொண்டாங்க" என்று தொழிற்சங்கத்துக்காரர் சொல்லியிருந்தார். மகள் பகலில் மருந்துக்கடையில் நின்று, மாலைக் கல்லூரியில் சமூகவியல் படிப்பவள். அவளிடம் கல்லூரி நூலக அட்டை இருந்தது. அம்மாவிடம் ஒரு ஞாபகம் இருந்தது. முன்பு ஒருநாள் ஒரு பெண் ஆலைக்கு வந்து, எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறாள்.

கதவு திறந்தது. நூலகர் மேசை விளக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"தலைப்பு என்ன?"

"தெரியாது சார்."

"எழுதினவங்க பேரு?"

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"ஒல்லியா இருக்கும் சார். பல்லுல கம்பி கட்டியிருக்கும். குடையை எங்க ஆலைக் கூடத்துலயே மறந்துட்டுப் போயிடுச்சு. இன்னும் எங்க வீட்டுலதான் இருக்கு."

நூலகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "குடையை வச்சுத் தேட இங்க வசதி இல்லம்மா. அந்தக் கம்ப்யூட்டர்ல உக்காருங்க."

மகள் 'பஞ்சுத் தூசி' என்று தட்டினாள். பருத்தி விவசாயம் வந்தது. 'இருமல்' என்று தட்டினாள். குழந்தை வளர்ப்பு வந்தது. அம்மா பக்கத்து நாற்காலியில் விளிம்பில் ஒட்டி உட்கார்ந்து, ஏதோ மருத்துவர் ஸ்கேன் பார்ப்பதைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து நூலகர் எழுந்து வந்தார்.

"நீங்க பேசுற மாதிரி அவங்க எழுத மாட்டாங்கம்மா. துணிக்கழிவு, மறுசுழற்சி, பெண் தொழிலாளர்னு போடுங்க."

போட்டாள். நான்கைந்து கட்டுரைகளின் தலைப்புகள் வரிசையாக வந்தன. ஒன்றைத் தொட்டாள். பூட்டுப் படம் வந்தது. அடுத்ததிலும் பூட்டு.

"அதெல்லாம் வெளிநாட்டுப் பத்திரிகை. சந்தா கட்டினவங்களுக்குத்தான் திறக்கும். மாலைப் படிப்புக்காரங்க அட்டைக்குத் திறக்காது" என்றார் அவர். அவளைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னார். "ஆய்வேடுகள்னு கீழ ஒண்ணு இருக்கு பாருங்க. அது நம்மகிட்டயே உள்ளறையில இருக்கும்."

அதில் இருந்தது. ஆலையின் பெயர் இல்லை. ஆனால் ஆற்றோரம், பழைய மதகுக்குப் பக்கம் என்று இருந்தது. அம்மா மகளின் முழங்கையைப் பிடித்தாள். "நம்ம கூடந்தாண்டி."

நூலகர் உள்ளே போய்க் கறுப்பு அட்டை போட்ட கனமான ஏட்டைக் கொண்டுவந்து வைத்தார். வெளியே கொண்டுபோகக் கூடாது, இங்கேயே படிக்க வேண்டும். மகள் நேராக நடுவில் திருப்பினாள். அவள் விரல் வரி வரியாக இறங்கிவந்து ஓர் அத்தியாயத் தலைப்பில் நின்றது. அந்த விரல் பிறகு நகரவில்லை.

"என்னடி போட்டிருக்கு? சத்தமா படி."

மகள் தணிந்த குரலில் படித்தாள். "'ஆஸ்பத்திரி மாதிரி சுத்தம்.' பணியிடம் பற்றித் தொழிலாளர் பார்வை."

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஐயே, அது நான் சொன்னதுடி. நாந்தான் சொன்னேன். அப்படியே எழுதிடுச்சா அந்தப் பொண்ணு?"

மகள் மேலே படித்தாள். "நேர்காணல் செய்யப்பட்ட பெண்களில் எவரும் இருமலோ மூச்சுத்திணறலோ இருப்பதாகக் கூறவில்லை. நேர்காணலின்போது எவரும் இருமவும் இல்லை."

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பெனி அனுப்பின ஆளுன்னு நெனச்சுட்டோம். இருமுறவளை எல்லாம் பொறுக்கி எடுத்து வீட்டுக்கு அனுப்பத்தான் வந்திருக்குன்னு. மேஸ்திரி வேற கதவோரமே நின்னுக்கிட்டிருந்தான். ஆளுக்கொரு புதினா மிட்டாயை வாயில அடக்கிக்கிட்டுத்தான் உள்ள போனோம். அது கரையுற வரைக்கும் இருமல் வராது." பிறகு, "நாந்தான் எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தேன்" என்றாள்.

நூலகர் அந்தப் பக்கம் போனவர் ஏட்டைப் பார்த்து நின்றார். "கிடைச்சிடுச்சா? போன வாரம்கூட ஒரு வக்கீல் வந்து இந்த அத்தியாயத்தை முழுசா நகல் எடுத்துட்டுப் போனார்."

"எந்த வக்கீல் சார்?"

"ஏதோ ஆலைத் தரப்புன்னார்."

மகள் ஏட்டை மூடவில்லை, புரட்டவும் இல்லை. அம்மா அவள் பக்கம் சாய்ந்தாள்.

"நாளைக்கு நானே சொல்லிடறேண்டி. அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு."

"அன்னிக்குப் பொய் சொன்னவ இன்னிக்கு மட்டும் நிஜம் சொல்லுவாளான்னு கேப்பாங்கம்மா."

"அப்ப இருமிக் காட்டுறேன்."

"அடுப்புப் புகைன்னுவாங்க."

"வேற தேடு. வேற யாராச்சும் எழுதியிருப்பாங்க."

மகள் மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தாள். பூட்டுப் படம் வந்தது. அதை அடைத்தாள். அடுத்ததைத் தொட்டாள். பூட்டு. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஜன்னல் வெயில் மேசைமேல் ஏறி, திறந்து கிடந்த ஏட்டின் ஓரத்தைத் தொட்டது.

அப்போது அம்மாவுக்கு இருமல் கிளம்பியது. முதலில் சின்னதாக, பிறகு அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு. படித்துக்கொண்டிருந்தவர்கள் தலைதூக்கினார்கள். எதிர்மேசை இளைஞன் காதில் விரலை வைத்துக்கொண்டான். நூலகர் வருத்தமான முகத்தோடு, சுவரில் மாட்டியிருந்த 'அமைதி காக்கவும்' பலகையைக் கைகாட்டினார்.

அம்மா தலையாட்டினாள். பைக்குள் கைவிட்டுத் துழாவி ஒரு புதினா மிட்டாயை எடுத்தாள். காகிதம் சரசரக்காமல் மெல்லப் பிரித்து வாயில் போட்டு, மேலே கைக்குட்டையை வைத்து அழுத்திக்கொண்டாள். கண்ணில் நீர் கோத்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஒரு சத்தமும் வரவில்லை.

எதிர்மேசை இளைஞன் காதிலிருந்து விரலை எடுத்தான். அவளைப் பார்த்து, நன்றி என்பதுபோல் தலையை அசைத்துவிட்டுப் புத்தகத்துக்குள் குனிந்தான்.