சந்திரமோகன் உயிரோடு இருக்கிறாரா

மதியச் சோற்றுக்கு மணி அடித்து, டிபன் பாக்ஸ்கள் திறந்து, யார் வீட்டில் என்ன குழம்பு என்று மூக்குகள் கண்டுபிடிப்பதற்கு முன்பே ஞானசுந்தரி தீர்ப்பு வழங்கிவிட்டாள்.

"பொண்டாட்டிதான் கொன்னிருக்கா. இதுல யோசிக்க இன்னா இருக்குது?"

மோகனா வாய்வரை கொண்டுபோன கவளத்தை உள்ளே தள்ளினாள். தள்ளாமல் கையிலேயே வைத்திருந்தால் யாராவது கவனிப்பார்கள்.

கொல்லப்பட்டவராகக் கருதப்படுபவர் சந்திரமோகன், வங்கி மேலாளர். திங்கள் முதல் சனி வரை இரவு ஒன்பதரைக்கு வரும் 'பதினோராம் சாட்சி' தொடரில் இரண்டு மாதமாக அவரைக் காணவில்லை. ஒரு டிஎஸ்பி, இரண்டு இன்ஸ்பெக்டர்கள், ஒரு நாய், கண்ணாடி போட்ட ஒரு தடயவியல் பெண் என்று பெரும் படையே அவரைத் தேடிக்கொண்டிருக்கிறது. அது போதாதென்று, ஆம்பூரில் வெளிநாட்டுக்காரன் காலுக்கு ஷூ தைக்கும் இந்தக் கம்பெனியின் தையல் செக்சனும் தேடலில் இறங்கியிருந்தது. சோறு உண்ணும் அரை மணி நேரத்தில் இங்கே தீர்க்கப்படாத வழக்கு கிடையாது.

"அவ அழுதாளே அக்கா" என்றாள் ஒருத்தி.

"அழுதா. கண்ணு மை கலைஞ்சிதா? புருசன் காணாமப் போன மூணாம் நாளு ஆபீசுக்குப் போறா, டிபன் கட்டிக்கினு. நேத்து பாத்தியா, தோசையைப் பிச்சிப் பிச்சித் துன்றா. எவளுக்குடி சோறு எறங்கும்? நீயே சொல்லு மோகனா, ஒனக்கு எறங்குமா?"

மோகனா விழுங்கினாள். "எறங்காதுக்கா."

"அதான். இவளுக்கு எறங்குது. அப்ப இவதான்."

சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காத ஞானசுந்தரியின் இந்த வாதத்துக்கு மேசையில் எதிர்ப்பு எழவில்லை. மோகனா தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். அவள் கண்ணுக்கு மை இட்டுக்கொள்வதில்லை. இட்டிருந்தாலும் கலைந்திருக்காது. அழ இடம் வேண்டும். வீட்டில் ஒன்பதாவது படிக்கும் மகள் இருக்கிறாள், கம்பெனியில் ஞானசுந்தரி இருக்கிறாள், பஸ்ஸில் ஊரே இருக்கிறது.

அவள் புருஷன் பூவரசன் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சவரம் செய்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமையில் சவரம் செய்கிற ஆள் இல்லை அவன். நீலச் சட்டை போட்டுக்கொண்டு, "வர்றேன்" என்றான். கறி வாங்கப் போகிறான் என்று நினைத்து இஞ்சி பூண்டு அரைத்து வைத்தாள். சாயங்காலம் போனில் அழைத்தபோது தலையணைக்கு அடியிலிருந்து மணி அடித்தது. சண்டை இல்லை. குடி இல்லை. கடைசி இரண்டு மூன்று மாதமாகப் பேச்சு குறைந்திருந்தது. ஆனால் பதினாறு வருடத்துக்கு அப்புறம் எந்த வீட்டில் புருஷன் வாயைத் திறக்கிறான் என்று அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். நாயும் வரவில்லை, கண்ணாடிக்காரியும் வரவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர், "ஆம்பளைதானேம்மா, வந்துருவாரு, மனசு மாறி வருவாரு" என்றார். புருஷன் ஓடிப்போனவள் என்று பெயர் வாங்கப் பயந்து, ஊரிலும் மகளிடமும் கம்பெனியிலும் 'கான்பூர் வேலைக்குப் போயிருக்காரு' என்றாள். தோல் தொழில் நடக்கும் கான்பூருக்கு ஒரு தோல் வேலைக்காரன் போவது, கல்யாணத்துக்குப் போகிறவன் பிரியாணிக்குப் போவது போல. யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

தான் போய்க் கேட்க ஆள் இல்லாமல் போனபோதுதான் அவளுக்கு ஜெயகரன் சாரின் ஞாபகம் வந்தது.

ஜெயகரன் டைம் ஆபீசில் வருகைப் பதிவு பார்ப்பவர். அது அவருடைய தொழில். அவருடைய மனசு கிடப்பது வேறிடத்தில். 'பதினோராம் சாட்சி – துப்பறியும் சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவின் நிறுவனர், தலைவர், நிரந்தரப் பேச்சாளர். தினமும் காலையில், "அன்பார்ந்த துப்பறியும் சொந்தங்களே" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு அவர் அனுப்பும் குரல் பதிவில் பின்னணியாகப் பிரஷர் குக்கர் விசில் கேட்கும். போன வருடம் இதே தொடரில், குற்றவாளி டாக்டர்தான் என்று சத்தியம் செய்தார். டிரைவர் என்று வந்தது. 'என் ஆய்வு வெளியே கசிந்ததால் கடைசி நேரத்தில் கதையை மாற்றிவிட்டார்கள்' என்று விளக்கம் சொன்னார். அவரை நம்பியவர்கள் அதற்கப்புறம் இன்னும் உறுதியாக நம்பினார்கள்.

அந்தக் குழுவில் மோகனா சேர்ந்தாள். முதல் நாள் ஒன்று கேட்டாள்: 'ஒருத்தர் போனை வீட்லயே வச்சிட்டு போனா என்ன அர்த்தம்?'

நாற்பது பதில்கள். கடத்திவிட்டார்கள், செத்துவிட்டார், குடியாத்தத்தில் சின்ன வீடு. சந்திரமோகனின் கதை நடப்பது கோயமுத்தூரில், சின்ன வீடு எப்படி குடியாத்தத்துக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மோகனா ஒவ்வொன்றையும் படித்தாள். தன் வீட்டு வழக்குக்கு இவ்வளவு பேர் மூளையைச் செலவழித்து இதுவரை அவள் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் தொடரில், சந்திரமோகனின் போன் படுக்கையறையிலேயே கிடைத்தது. எல்லாத் தொடரிலும் போன் அங்கேதான் கிடைக்கும். ஆனால் குழு பொங்கியது. மோகனாவுக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது! சென்னையில் சீரியல் எடுக்கும் இடத்தில் யாரோ ஆள் இருக்கிறார்! அன்றிலிருந்து அவள் எழுதுவதெல்லாம் கேள்வியாக இல்லை, கசிந்த செய்தியாக ஆனது. 'போற அன்னிக்கு ஷேவ் பண்ணிக்கிட்டாரு' என்று எழுதினாள். எழுபது பேர் கட்டைவிரல் உயர்த்தினார்கள். 'துணிமணி எதுவும் எடுத்துக்கல' என்றாள். இரண்டு பிரிவாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். 'பொண்ணு மேல ரொம்ப பாசம்' என்றாள். 'சீரியல்ல அவருக்குப் பையன்தானே' என்று யாரோ கேட்க, 'பொறுத்திருந்து பாருங்கள், இன்னொரு குடும்பம் வெளிவரப் போகிறது' என்று ஜெயகரன் சார் குரல் பதிவு போட்டார்.

ஒரு நாள் அவளை டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டார். லேட் வருகையாக இருக்கும் என்று பயந்து போனாள். கதவைச் சாத்தாமல், ஆனால் சாத்தியது மாதிரியான குரலில் கேட்டார்.

"எனக்கு மட்டும் சொல்லு மோகனா. டைரக்சன் டிபார்ட்மெண்டா, எடிட்டிங்கா? யாரு உன் ஆளு?"

"யாரும் இல்ல சார்."

"சரி, பேர் வேணாம். முடிவு மட்டும் சொல்லு."

"நீங்க சொல்லுங்க சார்" என்றாள் அவள். "உயிரோட இருப்பாரா?"

ஜெயகரன் சார் நாற்காலியில் சாய்ந்து பேனாவை மூடினார். தன்னிடம் இப்படிக் கேட்கப்படுவதற்காகவே பிறந்தவர் அவர்.

"கதைக்குன்னு ஒரு நியாயம் இருக்குதும்மா. ஒரு ஆள் இருந்தா கதை நகரணும். இவரு இல்லாமலேயே கதை நல்லா நகருது. பொண்டாட்டி வேலைக்குப் போறா, புள்ள ஸ்கூலுக்குப் போவுது, எல்லாம் ஓடுது. அப்ப அவரு எதுக்கு? டைரக்டரே நெனச்சாலும் திரும்பக் கொண்டார முடியாது. அவசியம் இல்லாத ஆளு, உயிரோட இருக்க மாட்டான்." தன் வாக்கியத்தை அவரே ஒரு முறை மனசுக்குள் ருசித்தார். "இதையே நாளைக்கு வாய்ஸா போட்டுர்றேன்."

அவள் மெஷினுக்குத் திரும்பி, இடது காலும் இடது காலுமாக ஒரு ஜோடியைத் தைத்து வைத்தாள். சூப்பர்வைசர் கத்தினான். பக்கத்து மெஷின் சைரா அதை எடுத்துப் பிரித்துச் சரிசெய்தாள்.

மறுநாள் குரல் பதிவோடு ஒரு ஓட்டெடுப்பும் வந்தது. சந்திரமோகன்: உயிரோடு இருக்கிறார், கொலை செய்யப்பட்டார், தானே போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்றாவதை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். இதுவரை அந்த வார்த்தையைத் தன் பக்கத்தில் வரவிடாமல் ஒரு மாதமாகத் துரத்திக்கொண்டிருந்தாள். இங்கே அது ஒரு வட்டத்துக்குப் பக்கத்தில், விரல் வைக்கத் தோதாக உட்கார்ந்திருந்தது. சாயங்காலத்துக்குள் கொலைக்கும் தற்கொலைக்கும் கடும் போட்டி. உயிரோடு என்பதில் ஒரே ஓட்டு. அதைத் தொட்டால் யார் போட்டது என்று பெயர் காட்டியது: மோகனா. ராத்திரி சோறு வடிக்கும்போதும் எடுத்துப் பார்த்தாள். மோகனா மட்டும்.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பூவரசனின் கத்தி நினைப்புக்கு வந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று தெரியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல இருந்த ஒரே இடத்தில் சொன்னாள்: 'அவர் கட்டிங் கத்திய எடுத்துட்டு போனாரா இல்லையான்னு தெரிஞ்சா போதும். எல்லாம் தெரிஞ்சிடும்.'

குழு அன்று தூங்கவில்லை. கத்தி! ஆயுதம்! சந்திரமோகன் கொலைகாரர்! ஜெயகரன் சார் குக்கர் இல்லாமலேயே ஒரு அவசரப் பதிவு வெளியிட்டார்.

காலையில் மெஷின் போடுவதற்கு முன்பு, சைரா முந்தானையை இழுத்துத் தலையில் விட்டுக்கொண்டு, நூல் கோர்க்கிற சாக்கில் இவள் பக்கம் சாய்ந்தாள்.

"ஏம்மா. பேங்க் மேனேஜருக்கு எதுக்கு கட்டிங் கத்தி?"

மோகனா ஊசியைப் பார்த்தாள்.

"பூவரசன் கான்பூர் போகல, இல்ல?"

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் கேட்காது என்பது மோகனாவுக்கு இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று. சைரா அவள் பக்கம் திரும்பாமல், கையில் இருந்த ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டே பேசினாள்.

"கத்தி எங்க இருக்கும்?"

"அவங்க கம்பெனில. சாம்பிள் செக்சன்ல அவரு டேபிளு டிராயர்ல. வீட்டுக்குக் கொண்டார மாட்டாரு."

இந்தப் பக்கத்தில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மெஷினில் வெட்டுகிறவனுக்குக் கத்தி கிடையாது. சாம்பிள் ஷூவுக்குக் கையால் தோல் வெட்டுகிறவனுக்கு உண்டு. ரம்பப் பிளேடைத் தேய்த்துத் தேய்த்து, தன் கை சாய்கிற சாய்ப்புக்கு அவனே சாணை பிடித்துக்கொள்வது. இன்னொருவன் தொட்டால் சண்டை வரும். கம்பெனி மாறினாலும் ஊர் மாறினாலும், சம்பளப் பாக்கியை விட்டுவிட்டுப் போனாலும் போவான், கத்தியை விடமாட்டான்.

"கேட்டுல போயி கேட்டேங்கா. ஆளு வரலைன்னாங்க. உள்ள விடல."

"என் கொழுந்தன் ரஷீத் அங்க ஃபோர்மேனு. அவன் கூட்டிட்டுப் போவான்." சைரா நூலைக் கடித்துத் துப்பினாள். "கத்தி இல்லன்னு வச்சிக்கோ. எங்கியோ ஒரு ஊர்ல ஒக்காந்து வெட்டிக்கினு இருக்காருன்னு அர்த்தம். அவ்ளோதான். பேஜாரே இல்ல."

"இருந்தா?"

சைரா அடுத்த ஜோடியை எடுத்தாள்.

சாப்பாட்டு மணிக்குள் மோகனாவின் போன் ஒரு முறை நடுங்கியது. பழைய ஓட்டெடுப்பு. உயிரோடு: இரண்டு. தொட்டுப் பார்த்தாள். இவளுக்குக் கீழே சைரா பானு என்று இருந்தது. அந்தக் குழுவில் சைரா இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

இருவரும் அரை நாள் பர்மிஷன் போட்டுப் போனார்கள். எழுதிக் கொடுத்த ஜெயகரன் சார், "ஷூட்டிங்கா?" என்று கண்ணடித்தார்.

ரஷீத் அஹமது கேட்டில் காத்திருந்தான். நரைக்கத் தொடங்கிய தாடி. "வாங்க அக்கா" என்று கூட்டிக்கொண்டு போனான். மாடிப்படி முழுக்கத் தோல் மணம், அதற்குமேல் பசை மணம். அவள் வீட்டு அலமாரியில் தொங்கும் சட்டைகளில் அடிக்கிற அதே மணம். ஒரு மாதமாக அது குறைந்துகொண்டே வருகிறது. சாம்பிள் செக்சனில் ஜன்னலோரமாக ஆறு மேசைகள். ரஷீத் நாலாவது மேசைக்குப் போய் டிராயரை இழுத்தான்.

ஒரு சாக்கட்டி. ஒரு பழைய காலண்டர் தாள். வேறு எதுவுமில்லை.

"இல்ல" என்றாள் சைரா. சத்தமாகவே சொன்னாள். "பாத்தியா, இல்ல." மோகனாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மோகனா மேசையைப் பிடித்துக்கொண்டாள். கான்பூர், கொல்கத்தா, எந்தச் சனியன் பிடித்த ஊராக இருந்தாலும் சரி. எவளோடு இருந்தாலும் சரி. எங்கேயோ ஒரு மேசை, அதில் குனிந்த முதுகு.

ரஷீத் சிரிக்கவில்லை. அவன் அடுத்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கே அன்பரசன் வெட்டிக்கொண்டிருந்தான், பூவரசன் வயதுதான். இவர்கள் பேசியதைக் கேட்டுக் கையை நிறுத்தியிருந்தான். கையில் இருந்த கத்தியின் பிடியில், கருஞ்சிவப்பு லைனிங் தோல் வார் நெருக்கமாகச் சுற்றியிருந்தது. மோகனா தைத்த வார். தையல் தன்னுடையது என்று சொல்ல அவள் கிட்டே போக வேண்டியிருக்கவில்லை.

"எடுக்கலக்கா" என்றான் அன்பரசன் அவசரமாக. "அவரே குடுத்தாரு. கடைசியா வந்த அந்தச் சனிக்கிழமை, பெல் அடிச்சப்புறம்."

"எங்கிட்ட சொல்லவேயில்லையேடா" என்றான் ரஷீத்.

"கத்தி குடுத்தாருன்னா யாரு நம்புவாங்கண்ணா."

"இன்னா சொன்னாரு?" மோகனாவின் குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஒண்ணும் சொல்லல. ஜாஸ்தி தேய்க்காத, கம்மியா சாணை புடி, ரொம்ப நாளு வரும்னாரு."

"சிரிச்சாரா?"

அன்பரசன் நிஜமாகவே யோசித்தான். "தெரியலக்கா. நான் கத்தியைப் பாத்துக்கினு இருந்தேன்."

அதற்கும் அடுத்த மேசைக்காரன், "வேற தொழிலுக்குப் போயிருப்பாரு, தோல் வேலைய வுட்டுட்டு ஓட்டல் வச்சவன்லாம் இருக்கான்" என்று ஆரம்பித்தான். ரஷீத் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். அத்தனை பேருக்கும் ஒரு கணிப்பு இருந்தது. அத்தனை பேரும் அதை நாக்குக்குக் கீழே வைத்திருந்தார்கள்.

அன்பரசன் கத்தியைத் திருப்பி, பிடியை அவள் பக்கமாக நீட்டினான்.

"வேணாம்" என்றாள் மோகனா. "நீங்க வெட்டுங்க."

"அக்கா..."

"வெட்டுங்க. நான் பாக்கணும்."

அவன் ரஷீத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, தோலின் மேல் அளவு அட்டையை வைத்து அழுத்தி, கத்தியை இறக்கினான். வழுவழுப்பான பழுப்புத் தோல், வெளிநாட்டுக்கு அனுப்புகிற சாம்பிள். கத்தி அட்டையின் விளிம்பைப் பிடித்து மெதுவாக நகர்ந்தது. வளைவு வந்ததும் அவன் மணிக்கட்டு திரும்பவில்லை. கத்தி பூவரசன் கையில் பழகிய சாய்ப்புக்குச் சாய்ந்து, அட்டையை விட்டு விலகி, நல்ல தோலுக்குள் போனது. அவன் நிறுத்தவில்லை. ரஷீத் திட்டவில்லை. மோகனா குனிந்து, அது போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.