அறுபத்தொரு கிலோ

டெய்லர் அக்காவிடம் யாரும் இடுப்பளவில் பொய் சொல்ல முடியாது. இருபது வருடமாகத் தெருவில் உள்ள அத்தனை உடம்பையும் நாடா போட்டு அளந்த கை அது. போன மாதம் டீச்சர், "சட்டை சுருங்கிப் போச்சு, துணி சரியில்லை" என்று முறையிட்டபோது, "துணி சுருங்கல டீச்சர், நீங்கதான் பெருத்துட்டீங்க" என்று நாலு பேர் முன்னாலேயே போட்டு உடைத்தாள். அப்படி ஒரு வாய்! ஆனால் ஊரையே அளந்த அந்த மகராசி தன்னை மட்டும் அளந்துகொள்ள மாட்டாள். தனக்கு எப்போதும் பழைய அளவுக்கே வெட்டித் தைப்பாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு பக்கத் தையலைப் பிரித்து விட்டுக்கொள்வாள்.

வீட்டில் அவளுக்குத் துணை துரை மட்டும்தான். துரை என்றால் பூனை. சாம்பல் நிறம், பதினோரு வயது, போர்வை போர்த்தியது போல அடர்ந்த முடி. தையல் மெஷின் பக்கத்துப் பெட்டிதான் சிம்மாசனம். தெருவோரம் உலாத்தக் கூட்டிப்போக, அவன் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் துணிவாரையும் அவளே தைத்திருந்தாள்.

வருடம் தவறாமல் அவனைக் கூடையில் போட்டு மருத்துவமனைக்குத் தூக்கிப் போவாள். தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, பல், காது எல்லாம் பார்த்து அட்டையில் ஏற்றிக்கொண்டு வந்தால்தான் அவளுக்குத் தூக்கம். இதிலெல்லாம் குறை சொல்ல இடமில்லை. எடையில்தான் வம்பு.

சின்னத் தராசில் துரை உட்கார மாட்டான். முதல் வருடமே கம்பவுண்டரின் கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டான். அதனால் அவனைத் தூக்கிக்கொண்டு அக்கா, நாய்களுக்கு எடை பார்க்கும் பெரிய மெஷினில் ஏறி நிற்பாள். மொத்தத்தில் அவள் எடையைக் கழித்தால் துரையின் எடை. முதல் வருடம் தனியாகவும் ஏறி நின்றாள். அவள் அறுபத்தொன்று, துரை ஐந்து. அந்த மெஷின் இருப்பதோ எல்லாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தின் நட்டநடுவில். கம்பவுண்டருக்கோ வெண்கலத் தொண்டை. "அறுபத்தொண்ணு!" என்று அவர் கூவியது தெருமுனைவரை கேட்டிருக்கும்.

அடுத்த வருடம் முதல் அக்கா உஷாராகிவிட்டாள். "அதே அறுபத்தொண்ணுதாண்ணே, எழுதிக்குங்க." அவரும் எழுதிக்கொண்டார். அளவெடுக்கும் பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பாவம், நம்பிவிட்டார்.

அட்டையில் துரை வருடா வருடம் ஏறிக்கொண்டே போனான். போன வருடம் ஐந்தே முக்கால். அப்போதிருந்த டாக்டர் அட்டையைப் பார்த்து, "கொழுப்பு ஏறுது, சாப்பாட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டார். அக்காவும் கிண்ணத்தைச் சின்னதாக்கினாள். துரை காலைச் சுற்றிச் சுற்றிக் கத்துவான். "போதும்டா, வயிறா அது வண்ணான் சாலா?" என்று திட்டுவாள். நெஞ்சுவார் தளர்ந்தபோது சந்தோஷமாக ஒரு மடிப்புப் பிடித்துத் தைத்தாள். இரண்டு மாதம் முன்பு இன்னொரு மடிப்பு.

இந்த வருடம் புது டாக்டரம்மா. கூடத்தில் கூட்டம். மூலையில் நாய்க்குத் தடுப்பூசி போட டீச்சர் உட்கார்ந்திருந்தாள். அக்கா வணக்கம்கூடச் சொல்லாமல் துரையோடு மெஷினில் ஏறினாள்.

"அறுபத்தேழு!" என்றார் கம்பவுண்டர். "உங்களுது?"

"அதே அறுபத்தொண்ணு."

துரை ஆறு கிலோ ஆனான்.

உள்ளே டாக்டரம்மா அட்டையைப் படித்துவிட்டு அவன் முதுகைத் தடவினார். கை நின்றது. முடிக்குள் விரலை விட்டு இன்னொரு முறை தடவினார்.

"ஆறு கிலோவா இவன்? முதுகெலும்பு ஒவ்வொண்ணா கையில படுதே. தண்ணி நிறையக் குடிக்கிறானா? பசின்னு கத்துறானா?"

"ஆமாம்மா. சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னாங்களேன்னு..."

டாக்டரம்மா கம்பவுண்டரைக் கூப்பிட்டார். "அண்ணே, மெஷின் கெட்டுப் போயிருக்கு. அட்டை முழுக்கத் தப்பு. இதைப் பாக்காம என்ன செய்றீங்க?"

"அய்யோ, நேத்துதாம்மா எடைக்கல்லை வச்சுச் சரிபாத்தேன். கிராம்கூட மாறல." மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி மெஷின் தலையில் விழுந்துவிடும். ஆனால் வாரில் போட்ட இரண்டு மடிப்பும் அவள் விரலிலேயே உறுத்தின. அளவு தெரிந்த கை! துணி தளர்ந்தால் உடம்பு இளைத்திருக்கிறது என்று உலகத்துக்கே சொல்பவள், தன் பிள்ளைக்கு மட்டும் அதை யோசிக்கவில்லையே!

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. அண்ணனைத் திட்டாதீங்க," என்றாள். "நான்தான் கெட்டுப் போயிட்டேன்."

துரையை மேசையில் விட்டுவிட்டு விறுவிறுவென்று கூடத்துக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். தனியாக ஏறி நின்றாள். பின்னாலேயே வந்த கம்பவுண்டர் எண்ணைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், குரலைத் தணித்தார். "அறுபத்து மூணு, அறுநூறு."

"சத்தமா சொல்லுங்கண்ணே, டாக்டரம்மா காதுல விழணும்."

"அறுபத்து மூணு அறுநூறு!"

கூடமே திரும்பிப் பார்த்தது. டீச்சர் நாயின் கழுத்தைச் சொறிந்தபடி, "மெஷின் சுருங்கியிருக்குமோ அக்கா?" என்று கேட்டாள். பழிக்குப் பழி வாங்கியாயிற்று. அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்தேழில் கழித்துப் பார்த்திருந்தாள். மூன்று கிலோ நானூறு. கண் நிறைந்துவிட்டது.

"ரெண்டரை கிலோவை மறைக்கப் போயி, ஒரு வருஷமா அவனைப் பட்டினி போட்டிருக்கேன் டீச்சர்."

டீச்சரின் சிரிப்பு அப்படியே அடங்கியது. எழுந்து வந்து அக்காவின் தோளைப் பிடித்தாள். "உள்ள போங்க அக்கா. மொதல்ல அவனைப் பாருங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. வாரை வாங்கி இரண்டு மடிப்பையும் பார்த்தார். "இது எப்பப் போட்டது?"

"மொதல் மடிப்பு போன வருஷம் இங்க வந்த அடுத்த மாசம். இது ரெண்டு மாசம் முன்ன."

"அப்போ அட்டையைவிட இதுதான் உண்மை பேசுது." அவர் துரையின் தொண்டையை மெல்லத் தடவினார். "வயசான பூனைக்குத் தைராய்டு கூடினா இப்படித்தான் ஆகும். எவ்வளவு தின்னாலும் இளைக்கும். ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

"பொழைச்சுக்குவானாம்மா?"

"நான் நினைக்கிறதா இருந்தா, தினமும் மாத்திரை. இன்னும் சில வருஷம் உங்களை ஆட்டிப் படைப்பான். அடுத்த வருஷம் கொண்டு வந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பேனான்னு தெரியல."

தைராய்டுதான். அக்கா மாத்திரையைத் துரையின் வாயில் போட்டு மூடுவதற்குள் தினமும் ஒரு யுத்தம் நடந்தது. கையில் மூன்று கீறல். பழைய பெரிய கிண்ணம் திரும்பி வந்தது.

ஆறு வாரம் கழித்து மறுபடி மருத்துவமனைக்குப் போனாள். யாரும் சொல்லுமுன்பே செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக ஏறினாள்.

"அறுபத்து நாலு!" என்று கூவிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார் கம்பவுண்டர்.

"எழுதுங்கண்ணே. இப்ப இவனோட."

அறுபத்தெட்டு. அக்கா தானே கழித்தாள். விரலை மடக்கி இரண்டாம் முறையும் கழித்தாள். நாலு கிலோ.

வீட்டுக்கு வந்ததும் விளக்கை இழுத்து வைத்து, துரையின் வாரில் ஒரு மடிப்பைப் பிரித்தாள். பிறகு நாடாவை எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, அளவு நோட்டில் டீச்சருடைய அளவுக்குக் கீழே தன் அளவையும் எழுதினாள்.