சீரில் வந்த டிரம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சாயத்துக்கு மூலப்பொருள் காய்ச்சும் கம்பெனியில் துலுக்கானம் லோடுமேன். காலி டிரம்களைக் கம்பெனிக்காரன் ஆட்களுக்கே கொடுத்துவிடுவான், பெரிய தர்மப்பிரபு. ஏரி வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடுமிப்பிடி நடந்த வருஷம் அது. டிரம் வைத்திருப்பவன் தெருவில் ராஜா. பேத்தி பிறந்ததும் துலுக்கானம் ஒன்றைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, திருநின்றவூரில் மகள் வீட்டுக்குச் சீராகக் கொண்டுபோனார். சம்பந்தி ராஜம்மாவுக்கு வாயெல்லாம் பல். அந்த வீட்டில் முதல்முறையாக அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

இப்போது குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்தது. நாவற்பழம் தின்றது போல உதடு நீலம். இதயக் கோளாறாக இருக்கலாம் என்றார் டாக்டர். ராஜம்மா மருமகள் பஞ்சவர்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ பால் பத்தல. இந்த வாரந்தான் புட்டிப்பால் கலக்கிக் குடுத்தோம். இவ வவுத்துல பொறந்தது இப்புடித்தான் கீது."

துலுக்கானம் அந்த உதட்டையே பார்த்தார். கம்பெனியில் அனிலின் என்ற சாய ரசாயனம் மேலே கொட்டிய ஆளுக்கு உதடு இப்படித்தான் மாறும். அனிலின் வந்த டிரம்தான் சீராகப் போயிருந்தது. சொன்னால் சம்பந்தி வீட்டில் மரியாதை போய்விடும் என்று ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றார். குழந்தை மூச்சுக்குத் திணறும்போது இந்த நினைப்பா என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

டாக்டரிடம் போனார். "தாய்ப்பால்ல ஒண்ணும் இல்ல சார். நான் குடுத்த டிரம்முதான். அதுல அனிலின் இருந்துச்சு. அந்தத் தண்ணியிலதான் புட்டிப்பால் கலக்கிருக்காங்க."

அதற்கு ஊசி மருந்து இருந்தது. சாயங்காலம் உதடு சிவந்தது. பஞ்சவர்ணம் குழந்தையை நீட்டினாள். "தூக்கிக்கோ நைனா." அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ராஜம்மா கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"எங்க எதிர் ஊட்டு தாட்சாயிணிக்கும் ஒண்ணு குடுத்தீங்களே சம்மந்தி? அவ மாசமா கீறா."

பெருமைக்குக் கொடுத்தது அது. துலுக்கானம் ஓடினார். தாட்சாயிணி வாசலிலேயே சிரித்தாள்.

"இன்னா மாமா, மூச்சு வாங்குது? ரவ தண்ணி குடி."

அவள் நீட்டிய சொம்பை வாங்கித் தரையில் கொட்டினார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் வயதுப் பெண்ணின் காலில் விழுந்தார்.

"அந்த டிரம்மு விசம்மா. அனிலின் பத்தித் தெரிஞ்ச நான்தாம்மா குடுத்தேன்."

அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.