மாறாத அழுத்தம்

ஜீப் எந்த வாரம் யாரிடமோ, மூச்சு மெஷினும் அந்த வாரம் அவரிடம். ஈஸ்வரபாண்டியும் அவன் அண்ணன் கருத்தக்கண்ணனும் அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து மலைமேல் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஒன்றுதான். ஒரு வாரம் தம்பி ஓட்டினால் மறுவாரம் அண்ணன்.

தூக்கத்தில் மூச்சு அடைத்து நின்றுபோகும் நோய் தம்பிக்கு. தேனி டாக்டர் ஓர் இரவு முழுக்கச் சோதித்துவிட்டு, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷினில் இரண்டு வகை சொன்னார். ஒன்று, தேவைக்குத் தக்கபடி தானே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். மற்றது வைத்த அளவில் நிற்கும். "உங்களுக்கு அழுத்தம் எட்டு போதும். எதை வாங்கினாலும் சரி."

"தானா ஏறி எறங்குறது வேணாம் சார். பிரேக்கு என் காலு சொல்றதத்தான் கேக்கணும்" என்று ஈஸ்வரபாண்டி எட்டிலேயே நிற்பதை வாங்கினான். மெஷின் காலையில் காட்டும் எண், மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்பது. ஐந்துக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் அவன் மனைவி ஹேமாவதியிடம் சொல்லியிருந்தார். அவனுக்கு இரண்டோ மூன்றோதான் வந்தது.

அண்ணனின் குறட்டை தெருமுனைவரை கேட்கும். சோதனைக்குக் கூப்பிட்டால், "ஒரே அப்பனுக்குப் பொறந்தோம், மூக்கு மட்டும் வேறயா?" என்பார். தம்பியும் சிரித்துக்கொண்டே மெஷினைக் கொடுத்தான்.

மெஷின் கைமாறிய மறுநாள் காலை ஆறு மணிக்குத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள், ஹேமாவதியோடு பதினான்கு பேரும் ஏறியிருந்தார்கள். கருத்தக்கண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார்.

"மெஷினு எப்படிண்ணே?" ஹேமாவதிக்குப் பக்கத்தில் இருந்த முத்துலட்சுமி கேட்டாள்.

"தம்பிக்கு ரெண்டு மூணுதான். எனக்கு முப்பத்தொண்ணு! ஒடம்புக்குத் தக்கன ஓடுது."

அதைக் கேட்டதும் ஹேமாவதி போனை எடுத்தாள். புருசனைக் கூப்பிட்டாள். கோம்பைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் எடுக்கவில்லை. கணவனின் அண்ணனிடம் அவள் நேராகப் பேசியதில்லை.

"முத்தக்கா, அவுகள இன்னைக்கு ஓட்ட வேணாம்னு சொல்லு. அந்த நம்பரு கூடக் கூட மோசம். எட்டு அவுகளுக்குப் பத்தல, ராத்திரி சரியாத் தூங்கவே இல்ல."

முத்துலட்சுமி சொன்னாள்.

"முப்பத்தஞ்சு எடுத்தாப் பாஸு. இன்னும் நாலுதான் கொறையுது!" என்றார் அவர். ஜீப் குலுங்கச் சிரித்தார்கள்.

ஹேமாவதி இறங்கினாள். வீட்டுக்குப் போகவில்லை, முன்னிருக்கையில், அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏ ஆத்தா, மூத்தாருக்குப் பக்கத்துலயா? ஒன் மாமியா பாத்தாகன்னா, அவ்வளவுதான்!" பின்னால் மறுபடி சிரிப்பு.

மலையடிவாரம்வரை அவர் பேசிக்கொண்டே ஓட்டினார். முதல் வளைவில் பேச்சு குறைந்தது. மூன்றாவதில் நின்றது. சாலையை மூடி மஞ்சு இறங்கியிருந்தது. அவர் முகவாய் மெல்லத் தாழ்ந்து நெஞ்சைத் தொட்டது. கண் பாதி திறந்தே இருந்தது.

"மாமா!"

அவள் அவரைக் கூப்பிட்ட முதல் சொல் அது. அவர் அசையவில்லை. ஜீப் நேராகத் தடுப்புச் சுவரை நோக்கிப் போனது. ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்து, மறுகையால் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி சாலைக்குக் குறுக்கே உதறி நின்றது.

கூச்சலில் விழித்தவர், அவளைக் கோபமில்லாமல், புரியாமல் பார்த்தார்.

"எதுக்கு ஆத்தா நிப்பாட்டுன? முழிச்சுத்தான இருக்கேன்?"

அவள் சாவியைப் பிடுங்கினாள். "எல்லாரும் எறங்குங்க" என்று கத்தினாள். மேலே, மஞ்சுக்குள், இறங்கி வரும் லாரியின் ஹாரன் கேட்டது.